விடுமுறைக்கு வீடு நிறையும்போது: தாத்தா பாட்டிகளுக்கு ஒரு தாத்தாவின் குறிப்பு

பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடுமுறைக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது திட்டம் போடுவது. முதல் நாள் இது, மறுநாள் அது, எல்லோரும் சேர்ந்து அங்கே, எல்லோரும் சேர்ந்து இங்கே. என் அபிப்பிராயம் வேறு. வருகிறவர்களுக்கு நிகழ்ச்சி நிரல் வேண்டாம், இடம் வேண்டும். படுக்க ஓர் இடம், துண்டைக் காயப்போட ஓர் இடம், கொஞ்ச நேரம் யாரோடும் பேசாமல் இருக்க ஓர் இடம், கூடவே செய்வதற்கு ஒரு வேலை. ஆளுக்கு இந்த நாலும் கிடைத்துவிட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எதை எங்கே வைப்பது என்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்த வாடை இந்தக் குறிப்பிலும் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு இது: மகள், மாப்பிள்ளை, அவர்களுக்கு 14 வயதில் ஒரு பெண், 6 வயதில் ஒரு பையன். மகன், மருமகள், அவர்களுக்கு 4 வயதில் ஒரு பெண், 8 மாதத்தில் ஒரு கைக்குழந்தை. நானும் என் மனைவியும். மொத்தம் பத்துப் பேர், இரண்டு படுக்கையறை, ஒரு ஹால்.

வருவதற்கு முன்னால் ஒரு போன்

தேதி உறுதியானதும் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். "ஏதாவது வேணுமா?" என்று பொதுவாகக் கேட்டால், "ஒண்ணும் வேண்டாம்ப்பா" என்ற பதில்தான் வரும். மகனிடம் கேட்டால் கண்டிப்பாக அதுதான் வரும். மருமகளிடம் கேளுங்கள், துருவிக் கேளுங்கள். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்குகிறது, எதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறது, என்ன மருந்து ஓடுகிறது, எது ஒத்துக்கொள்ளாது, புதிதாக எதற்குப் பயப்படுகிறது. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எங்கள் 4 வயதுக்காரிக்கு ஃப்ளஷ் சத்தம் என்றால் நடுக்கம். முன்கூட்டியே தெரிந்ததால் அவள் வெளியே வந்து ஹால் வரை போன பிறகுதான் யாராவது போய் ஃப்ளஷ் செய்தோம். தெரியாமல் இருந்திருந்தால், 'ஏன் இந்தப் பிள்ளை பாத்ரூம் போகவே அடம்பிடிக்கிறது' என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லியிருப்போம்.

பெரியவர்களைப் பற்றியும் கேளுங்கள். விடுமுறையிலும் யாருக்காவது ஆபீஸ் வேலை இருக்கிறதா? மாப்பிள்ளைக்குக் காலையில் மீட்டிங் உண்டு என்றால் ஒரு மேஜை, பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட், சாத்திக்கொள்ள ஒரு கதவு, இவ்வளவு போதும். அதை ஒதுக்கி வைக்காவிட்டால் காலை முழுவதும் குழந்தைகளைச் 'சத்தம் போடாதே' என்று அதட்டியே கழியும்.

போன தடவை எது பிடித்ததோ அதை வைத்து இந்தத் தடவைக்குத் தயார் செய்யாதீர்கள். பையன் டைனோசர் பைத்தியமாக இருந்தான் என்று டைனோசர் புத்தகத்தைத் தேடி எடுத்து வைப்போம். அவன் வந்து, "தாத்தா, லிஃப்ட் எப்படி மேல போகுது?" என்று கேட்பான். குழந்தைகளுக்கு ஒரு வருடம் என்பது நம் பத்து வருடம்.

மண்டி போட்டு ஒரு சுற்று

எல்லோரும் வருவதற்கு முன்னால் வீட்டை ஒருமுறை குழந்தையின் உயரத்திலிருந்து பாருங்கள். மண்டி போட முடிந்தவர்கள் மண்டி போடலாம். முட்டி ஒத்துழைக்காதவர்கள் ஒரு குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து அறை அறையாக நகரலாம். நின்றுகொண்டு பார்த்தால் கண்ணில் படாத பல விஷயங்கள் அந்த உயரத்தில் தெரியும்: சோபாவுக்கு அடியில் உருண்டு போன மாத்திரை, தொங்கிக்கொண்டிருக்கும் ஒயர், இழுத்தால் தலையில் விழக்கூடிய டிவி.

நம் வயதுக்காரர்கள் வீட்டில் முதல் ஆபத்து நம்முடைய மாத்திரைதான். கிழமை போட்ட டப்பாவில் காலை மாலை என்று பிரித்து வைத்திருப்போம். திறக்க நமக்கு எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபம் குழந்தைக்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளில் ஒன்றிரண்டு போதும், சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. மேல் தட்டில், பூட்டோடு வையுங்கள். வந்தவர்களின் கைப்பைகளையும் மறக்காதீர்கள். தரையில் கிடக்கும் கைப்பைக்குள் கை விடாத குழந்தையை நான் பார்த்ததில்லை.

அடுத்தது நாணயம் போல இருக்கும் அந்த வட்ட பேட்டரி. ரிமோட், எடை பார்க்கும் மெஷின், கார் சாவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, எல்லாவற்றிலும் அது இருக்கிறது. காது கேட்கும் கருவியில் அதன் குட்டி வகை இருக்கும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரம் பட்டு மின்சாரம் ஓடி, ஒட்டிய இடத்தில் காரம் உண்டாகித் திசுவை அரிக்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் வந்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். ஆகவே பழையதைக் கழற்றி மேஜை மேல் வைக்கிற பழக்கத்தை விடுங்கள். மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத ரிமோட் என்றால் அழுத்தமாக டேப் ஒட்டுங்கள். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'காலைல பார்க்கலாம்' என்பதே கூடாது.

பாத்ரூமில் தண்ணீர் நிரப்பிய வாளி வேண்டாம். நடை பழகும் குழந்தைக்குத் தலை கனம் அதிகம். குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். வாளியைக் கவிழ்த்து வையுங்கள், பாத்ரூம் கதவுக்கு மேலே ஒரு கொக்கி போடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமியின் வித்து அந்தக் குடலில் முளைத்து விஷம் உண்டாக்கும். 5 வயதுக்குள் முழுக் கொட்டைகள் கொடுக்காதீர்கள், திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள். இந்த விஷயத்தில் 'நாங்க வளர்க்கலையா' என்று தொடங்காமல் இருப்பது நல்லது.

கைக்குழந்தையைத் தூங்க வைப்பதிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் பல நாடுகளில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். பிறகுதான் திடீர் சாவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு தெரிந்து, பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று இயக்கமாகவே சொல்ல ஆரம்பித்தார்கள். அடுத்த சில வருடங்களில் அமெரிக்காவில் அப்படிப்பட்ட சாவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதனால் மருமகள், "மாமா, தலையணை வேண்டாம், போர்வை வேண்டாம், மல்லாக்கத்தான் படுக்கணும்" என்றால் அவள் சொல்வதுதான் சரி. தொட்டில் கட்டிலை யாரிடமாவது இரவல் வாங்கினால் டேப் வைத்து அளந்து பாருங்கள், கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மெத்தை கெட்டியாக, ஓரத்தில் சந்து விழாமல் பொருந்த வேண்டும்.

யார் எங்கே படுப்பது

சண்டைகள் பாதி இங்கேதான் முளைக்கின்றன. வந்த இரவு பத்து மணிக்கு, எல்லோரும் களைத்திருக்கும்போது, "நீங்க இங்க படுத்துக்கோங்க, இல்ல இல்ல அவங்க இங்க" என்று தொடங்கினால் யாருக்காவது மனது நோகும். ஆகவே முன்பே ஒரு காகிதத்தில் எழுதிவிடுங்கள். கைக்குழந்தை இருக்கும் குடும்பத்துக்குக் கதவு உள்ள அறை. அது மகனுக்குச் சலுகை இல்லை, குழந்தைக்குச் சலுகை என்று மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவள் வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

நம் கட்டிலை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இது சுயநலமாகத் தோன்றலாம். ஆனால் முதுகு பிடித்துக்கொண்ட தாத்தாவை வைத்துக்கொண்டு யாருக்கும் விடுமுறை நடக்காது. "அப்பா, நீங்க தரையில படுக்குறதா, நாங்க கட்டில்ல படுக்குறதா?" என்று அவர்களும் சங்கடப்படுவார்கள். எங்கள் வீட்டில் மகளின் குடும்பத்துக்கு ஹால். ஒரு மூலையில் கயிறு கட்டிப் பழைய படுக்கை விரிப்பைத் திரையாகப் போட்டேன். 14 வயதுப் பெண்ணுக்கு அந்தத் திரைக்குப் பின்னால் தனி இடம். உடை மாற்றவும், போனில் தோழியோடு கிசுகிசுக்கவும், சும்மா இருக்கவும். அதற்கு முந்தைய தடவை அவள் பாதி நேரம் பாத்ரூமில் இருந்தாள், 'வயிற்றுக்கு என்ன' என்று பாட்டி கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றுக்கு ஒன்றுமில்லை, அந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள அவளுக்குக் கிடைத்த ஒரே அறை அதுதான்.

ஆளுக்கு ஒரு கொக்கி, ஆளுக்கு ஒரு தட்டு. கொக்கிக்கு மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள், பெயர் படிக்கத் தெரியாத குழந்தைக்கு ஒரு படம். "என் துண்டு எங்கே?" என்ற கேள்வி பாதியாகக் குறையும். சார்ஜர்களுக்கு ஒரே இடத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதுவும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பிள்ளைகளுக்கு இடம் புதிது, நமக்குக் கண் மங்கல், இரண்டு பேருக்கும் அது உதவும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 3 முதல் 5 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், பதின்ம வயதில் 8 முதல் 10 மணி நேரம். பத்து மணிக்கு எழுந்திருக்கும் பேத்தியைப் பார்த்து 'சோம்பேறி' என்று சொல்ல வாய் வரும். அந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் சுரப்பு இரவில் தாமதமாகத்தான் சுரக்கும், உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப் போயிருக்கும். பள்ளி நாளில் ஆறு மணிக்கு எழுப்பிய பிள்ளையை விடுமுறையிலாவது தூங்க விடுங்கள். கடல் தாண்டி வருகிறவர்கள் இருந்தால் ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாளுக்கு எந்த ஏற்பாடும் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் நடக்க வைத்தால் போதும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை

விருந்தாளியாக உட்கார வைத்தால் இரண்டாம் நாளே எல்லோருக்கும் சலிப்புத் தட்டும். வேலை கொடுங்கள். ஆனால் கண்துடைப்பு வேலை கொடுக்காதீர்கள், குழந்தைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். செய்யாவிட்டால் உண்மையிலேயே நின்று போகிற வேலையாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய தகர டப்பா உண்டு. ஆணி, ஸ்க்ரூ, நட்டு, வாஷர் எல்லாம் கலந்து கிடக்கும். ஸ்டோர் கீப்பர் வீட்டில் இப்படி ஒரு டப்பா இருப்பது அவமானம்தான், ஆனாலும் இருக்கிறது. 6 வயதுப் பேரனை மேஜையில் உட்கார வைத்து, ஒரு தட்டில் அதைக் கொட்டினேன். தங்கச்சிகள் இருவரும் உள்ளறையில் தூங்கிய நேரம் பார்த்துத்தான், ஏனென்றால் அத்தனையும் வாயில் போடும் அளவு. அவன் முதலில் நிறத்தை வைத்துப் பிரித்தான். வெள்ளை ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம், துருப்பிடித்தது ஒரு பக்கம். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் குவியலில் ஒன்றோடு ஒன்று சேராதது இருப்பதை அவனே பார்த்து, கலைத்துவிட்டு, நீளத்தை வைத்து ஆரம்பித்தான். அப்புறம் தலையை வைத்து: ஒரு கோடு போட்டது, கூட்டல் குறி போட்டது. ஒரு வாஷரைத் தூக்கிக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்தான்.

"இது எதுக்கு தாத்தா? நடுவுல ஓட்டைதான இருக்கு?"

நட்டை இறுக்கும்போது அது பலகைக்குள் புதையாமல் இருக்க, அழுத்தத்தை அகலமாகப் பரப்பிக் கொடுக்கிறது என்று சொன்னேன்.

"அப்போ இது நட்டுக்குச் செருப்பா?"

இத்தனை வருடம் ஸ்டோரில் இருந்தும் எனக்குத் தோன்றாத விளக்கம். பிறகு இருவரும் கழன்று தொங்கிக்கொண்டிருந்த அலமாரிக் கைப்பிடியிடம் போனோம். அவன் பிரித்து வைத்ததிலிருந்து மூன்று ஸ்க்ரூ எடுத்துப் பார்த்தான், மூன்றாவது பொருந்தியது. கடைசிச் சுற்றை மட்டும் நான் இறுக்கினேன். அக்காக்காரி சின்ன டப்பாக்களுக்குப் பெயர் எழுதிக் கொடுத்தாள், அதுவும் கேட்காமலே. எடுத்தவற்றை எல்லாம் டப்பாவில் போட்ட பிறகு தரையைக் கையால் தடவிப் பார்த்தோம். கைக்குழந்தை தவழும் வீட்டில் இந்தக் கடைசி வேலைதான் முக்கியம்.

4 வயதுக்காரிக்கு ஜோடி சேர்க்கும் வேலை: துவைத்த சாக்ஸ், வாசலில் கிடக்கும் செருப்பு. மாப்பிள்ளைக்கும் மருமகளுக்கும் என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்காதீர்கள், அவர்களே எடுத்துக்கொள்ள வழி விடுங்கள். மருமகள் சமையலறையில் ஒரு பொருளை இடம் மாற்றி வைத்தால் அவள் போகும் வரை அது அங்கேயே இருக்கட்டும். இதை என் மனைவிக்குச் சொல்வது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சண்டை வரும்

பிள்ளைகள் சண்டை போட்டால் நீதிபதியாக உட்காராதீர்கள். யார் முதலில் அடித்தது என்று விசாரித்தால் இரண்டு பொய்யும் ஒரு அழுகையும்தான் கிடைக்கும். அடிதடி என்றால் மட்டும் பிரித்து விடுங்கள். பசியா, தூக்கமா, தனிமை வேண்டுமா என்று பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வரும் சண்டைகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. பேரப்பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பேசவே பேசாதீர்கள், புகழ்ச்சியாகக்கூட. "பாரு, தங்கச்சி எவ்வளவு சமர்த்தா சாப்பிடுறா" என்ற ஒரு வாக்கியம் போதும், அன்று முழுக்க தங்கச்சிக்கு அடி விழும்.

பெரியவர்கள் சண்டைதான் வேடிக்கை. 42 வயது மகளும் 38 வயது மகனும் பெற்றோர் வீட்டு வாசலை மிதித்ததும் 12 வயதும் 8 வயதுமாக ஆகிவிடுவார்கள். 'நீ எப்பவும் இப்படித்தான்' என்ற பேச்சு வந்துவிட்டால் அதில் நாம் நுழையக் கூடாது. ஒருவருக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொன்னால், முப்பது வருடத்துக்கு முன்பு சைக்கிள் யாருக்கு வாங்கிக் கொடுத்தோம் என்பது வரை வழக்கு போகும். நான் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவேன். திரும்பி வரும்போது அவர்களே வேறு எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

வளர்ப்பு முறையில் பெற்றோர் வைத்ததே சட்டம். டிவி, போன் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயது ஆகும் வரை திரை வேண்டவே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது. அதற்கு மேல் அந்தந்த வீட்டுக் கணக்கைக் கேட்டு அப்படியே நடங்கள். அம்மா இல்லாதபோது நம் போனை நைசாகக் கொடுத்து நல்ல பெயர் வாங்கும் ஆசை நமக்கும் உண்டு. குழந்தை அதை அம்மாவிடம் சொல்லிவிடும், அதுவும் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது. பரிசு, கைக்காசு விஷயமும் அப்படியே: பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட்டு, இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி.

வந்து இறங்கியதும் "தாத்தாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று பிடித்துத் தள்ளுவதையும் விட்டுவிடலாம். மாதக்கணக்கில் பார்க்காத கிழவன், மீசை வேறு. நான் தரையில் உட்கார்ந்து எதையாவது செய்துகொண்டிருப்பேன், பெரும்பாலும் ஏதாவது ஒரு பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன். அம்மா காலைக் கட்டிக்கொண்டு நிற்பவள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து, 'அதுக்குள்ள என்ன?' என்று கேட்பாள். அதற்கப்புறம் நாம் போகச் சொன்னாலும் போக மாட்டாள்.

பழைய கதை சொல்வது

"அந்தக் காலத்துல" என்று தொடங்கினால் பிள்ளைகள் நழுவிவிடுவார்கள். கேள்வி அவர்களிடமிருந்து வர வேண்டும். அதற்கு நல்ல வழி புகைப்படம். பழைய படங்களை மேஜையில் பரப்பி விட்டு, நீங்கள் பாட்டுக்கு அடுக்குங்கள். "இது அப்பாவா? ஏன் கையில கட்டு?" என்று ஆரம்பிக்கும். என் மகன் சுவர் ஏறிக் குதித்துக் கையை உடைத்துக்கொண்ட கதையை அவன் பெண் நான்கு முறை சொல்ல வைத்தாள். அவனுக்குத்தான் கொஞ்சம் சங்கடம்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டுப் பார்த்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், உனக்கு ஏன் இந்தப் பெயர் என்பது போல. குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருந்தது. பதில்களை மனப்பாடம் செய்து கொடுத்தால் அந்தப் பலன் வராது என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கூடி உட்கார்ந்து பேசுகிற குடும்பத்தில் தானாக ஒட்டிக்கொள்வது அது. இன்னொன்று, ஜெயித்த கதை மட்டும் போதாது. தாத்தா வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த காலமும் அதில் வர வேண்டும், மறுபடி வேலை கிடைத்ததும் வர வேண்டும். என் பேத்தி அந்த இடத்தில்தான் போனைக் கீழே வைத்தாள்.

பேசும்போதே படத்தின் பின்னால் பெயரும் வருடமும் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், லேசாக. பின்பக்கம் பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருந்தால் பென்சில் பிடிக்காது, உறையில் போட்டு உறை மேல் எழுதுங்கள். பக்கத்தில் பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் பழைய ஆல்பங்கள் இருந்தால் படங்களைப் பத்திரமாகப் பிரித்து எடுத்துவிடுவது நல்லது, அந்தப் பசை நாளாக ஆகப் படத்தைக் கெடுக்கும். போனில் படம் பிடித்து வைக்கும் வேலையை 14 வயதுப் பெண்ணிடம் விட்டேன். ஜன்னல் பக்கத்தில், வெயில் நேராக விழாத இடத்தில், மேலே இருந்து எடுத்தால் பளபளப்பு அடிக்காது என்று அவள்தான் கண்டுபிடித்தாள்.

போன விடுமுறைக்கு வந்தவர் இந்த விடுமுறைக்கு இல்லை என்றும் ஆகும். என் மனைவியின் அக்கா எங்களோடுதான் விடுமுறையைக் கழிப்பார். அவர் போன பிறகு வந்த முதல் விடுமுறையில் எல்லோரும் அவர் பெயரை எடுக்காமல் சுற்றிச் சுற்றிப் பேசினோம். ஆறு வயதுக்காரன்தான், "பெரிய பாட்டி இருந்தா சீட்டாட்டத்துல ஏமாத்துவாங்க" என்று போட்டு உடைத்தான். உண்மைதான், ஏமாற்றுவார். குழந்தைகளை அடக்காதீர்கள். அவர் உட்காரும் நாற்காலியைக் காலியாக வைக்க வேண்டியதும் இல்லை.

நம் உடம்பு

வீடு நிறைந்திருக்கும்போது தவறிப் போவது நம் மாத்திரை நேரம்தான். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள், அதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். இரவு படுக்கும் முன் தரையில் கிடக்கும் பொம்மைகளை ஓரம் கட்டுவது பிள்ளைகளின் பொறுப்பு. இருட்டில் அந்த வயதில் காலில் பட்டால் வலி, நம் வயதில் பட்டால் இடுப்பெலும்பு. சளிக் காய்ச்சல் காலம் என்றால் ஃப்ளூ தடுப்பூசி பற்றி டாக்டரிடம் முன்பே கேளுங்கள், போட்டு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆன பிறகுதான் பலன் கிடைக்கும். புதிதாகப் பிறந்த குழந்தை வரப்போகிறது என்றால் கக்குவான் இருமல் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். பெரியவர்களுக்கு வெறும் இருமலாக இருப்பது அந்தக் குழந்தைக்குப் பெரிய ஆபத்து.

கிளம்பும் நாள்

கிளம்புவதற்கு முந்தைய மாலையே பெட்டிகளை ஹாலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் புத்திமதி வேண்டாம். வாசலில் வைத்து "அடுத்து எப்ப வருவீங்க?" என்று கேட்பதும் வேண்டாம், பதில் தெரியாமல் அவர்களுக்குக் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். அதற்குப் பதிலாக அடுத்த போன் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று பேசி வையுங்கள். 4 வயதுக் குழந்தைக்கு 'சீக்கிரம் வருவோம்' என்றால் புரியாது. 'ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாத்தா போன்ல வருவேன்' என்றால் புரியும், வராவிட்டால் கேட்கவும் செய்யும்.

அவர்கள் போன பிறகு கட்டிலுக்கு அடியில், சோபா இடுக்கில், பாத்ரூம் கொக்கியில் பாருங்கள். ஒரு ஒற்றை சாக்ஸ், ஒரு சார்ஜர், யாருடையது என்று தெரியாத ஒரு பல்துலக்கி கண்டிப்பாகக் கிடைக்கும். சார்ஜரை மட்டும் உடனே அனுப்புங்கள், மற்றது காத்திருக்கும். நோட்டில் அடுத்த தடவைக்கான குறிப்பு எழுதிவிடுங்கள், நினைவு புதிதாக இருக்கும்போதே: திரைக்குக் கயிறு போதாது, கம்பி வேண்டும், கொக்கி இன்னும் இரண்டு, காலை மீட்டிங் மேஜைக்கு வேறு நாற்காலி. தொட்டில் கட்டிலைக் கழற்றி இரவல் தந்த வீட்டில் திருப்பிக் கொடுக்கும்போது ஸ்க்ரூ எல்லாம் இருக்கிறதா என்று எண்ணி, ஒரு பையில் போட்டுக் கட்டிலோடு கட்டிக் கொடுங்கள். அடுத்த தடவையும் கேட்க வேண்டி வரலாம்.